உள்தாழ்ப்பாள் வைத்த வீடு

வாடகைக்குக் கிடைப்பது சைக்கிள் மட்டும்தான் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டன் டவுனில் ஒரு கடையில் மணிக்கணக்குக்குச் சைக்கிள் தருவார்கள். எடுத்துக்கொண்டு போய், எங்காவது ஒரு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்து எழும்பி, கோணிப்போன கைப்பிடியை நேராக்கி, ஒன்றும் நடக்காத முகத்தோடு திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும். ஆகவே, "வாடகைக்கு ஒரு வூடு பாரேன்டா" என்று நான் வேலை செய்த கராஜில் ஒருவர் சொன்னபோது, அவ்வளவு பெரிய சாமானை எப்படித் திருப்பிக் கொண்டுபோய் விடுவது என்றுதான் முதலில் யோசித்தேன்.

சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடு. பெயர் செக்ரோல் என்ற ஆள்கணக்கில் இருந்தால் லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, கிடைக்கும். பெயரை வெட்டினால் காம்பராவும் போச்சு. விடியும் முன்னே தப்பு அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் போய்க் கைகட்டி நிற்கவேண்டும். "நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போ" என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். சாயந்திரம் திரும்பி வந்தால் தலைக்கு மேலே தகரம் இருக்கும். களத்துக்குப் போகாதவனுக்குத் தகரமும் இல்லை. இதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

அந்த உலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை கவ்வாத்து. தேயிலைச் செடியை எந்த உயரத்தில், எந்தக் கிளையில் வெட்டவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு என் தலைக்குள் போக மறுத்துவிட்டது. நான் வெட்டிய நிரையை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்னடா இது, கவ்வாத்தா, கருமாதியா?"

அதற்குப் பிறகு தோட்டத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அட்டனில் ஒரு லாரி கராஜில் கையாளாகச் சேர்ந்தேன். எழுத்துப் படிக்காத குறையை அங்கேதான் தீர்த்துக்கொண்டேன். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி நம்பர் பலகையைப் படித்துப் பழகியதால், இன்றைக்கும் எனக்குத் தலைகீழ் எழுத்துத்தான் சுளுவாக வரும். செக்ரோலில் என் பெயரை வெட்டினார்கள். காம்பராவும் போச்சு. அண்ணன் காம்பராவில் ஒண்டிக்கொண்டேன்.

தனியாக ஒண்டியிருந்தால் பரவாயில்லை. அப்போதுதான் கல்யாணம் கட்டியிருந்தேன். ஒரே அறை. இந்தப் பக்கம் நானும் என் மனைவியும், அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும் அவர்கள் பிள்ளைகளும், மூலையில் கூடையால் மூடிய அடைகோழி. நடுவில் கயிறு கட்டி, அதில் மதினியின் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் சுவர். காற்றடித்தால் சுவர் ஆடும். மதினிக்கு உடுத்தச் சேலை இல்லாத அன்றைக்குச் சுவரே இருக்காது.

ஒருநாள் சாயந்திரம் என் மனைவியின் காதுக்குள், "புள்ள, இன்னக்கி ரொம்ப அழகா இருக்க" என்றேன்.

சேலைக்கு அந்தப் பக்கமிருந்து மதினி, "ஆமா தம்பி, மொகம் கழுவியிருக்கால்ல" என்றாள்.

அண்ணன் சிரித்தான். கோழிகூடக் கொக்கரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. ஆடிக்கு மஸ்கெலியாவுக்கு, அவள் தாய் வீட்டுக்குப் போனாள். ஆடி முடிந்தது. ஆவணியும் வந்தது. அவள் வரவில்லை.

வந்தது என் மாமனார்தான். அவர் சில்லறைக் கங்காணி. கறுப்புக் கோட்டும் சிவப்புத் தலைப்பாகையுமாக, பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கராஜுக்கு வந்துவிட்டார். நான் லாரிக்கு அடியில் இருந்தேன். குனிந்து பார்த்து, என் காலிடம் பேசினார்.

"மாப்பிள, ஒங்க மேல அவளுக்குக் கோவம் இல்ல. ஒங்க சேலைச் செவத்து மேலதான் கோவம்."

"என்ன சொல்லுது மாமா?" என்று அடியிலிருந்தே கேட்டேன். முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை.

"கதவு வேணுமாம். கதவுக்கு உள்பக்கம் தாப்பா வேணுமாம். அத அவ கையால போடணுமாம். அது வரைக்கும் வரமாட்டாளாம்."

"நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா மாமா?"

"சொன்னேன். ரெண்டு நாளா எனக்குச் சோறு போடல."

அவர் போன பிறகுதான் வாடகைப் பேச்சு வந்தது. சொன்னவர் எங்கள் பாஸ். சிங்களவர். தமிழில் திட்டுவார், சிங்களத்தில் கொஞ்சுவார். என்னிடம் தமிழில்தான் அதிகம் பேசியிருக்கிறார்.

அட்டனில் வீடு தேடினேன். பஜாரில் ஒரு முதலாளி, நெற்றி நிறைய விபூதியோடு, "சைவமா?" என்று கேட்டார்.

"கெடைக்காத நாளெல்லாம் சைவந்தாங்க."

கதவு மூடிக்கொண்டது. இன்னொரு வீட்டில், "வாத்தியாருங்களுக்குத்தான் குடுக்குறது" என்றார்கள். "நானும் நல்லாப் பேசுவேங்க" என்றேன். அந்தக் கதவும் மூடியது. இப்படி நிறையக் கதவுகளை வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லாம் நல்ல கதவுகள். உள்தாழ்ப்பாள் போடும் சத்தம் ஒவ்வொன்றிலும் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் பாஸ்தான் மனம் இரங்கினார். "டேய், தலவாக்கலைக்குப் போ. அங்க புடவைக்கட மொதலாளிகிட்ட வீடு இருக்கு. நல்ல மனுசன். போற நேரம் ஒன் வாய மட்டும் இங்க வச்சிட்டுப் போ."

தலவாக்கலையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த ரோடு இருந்தது. இரண்டு பக்கமும் டர்பன்டைன் மரங்கள், வானத்தைத் தேய்க்கிற உயரத்துக்கு. மரத்துக்குக் கீழே வேலி வைத்த சின்னச் சின்ன வீடுகள். எல்லாம் அந்தப் புடவைக்கடை முதலாளியுடையவை. குடியிருந்தவர்கள் எல்லாரும் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர்கள். விடிந்ததும் குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக வரிசையாக ஸ்டேஷனுக்குப் போவார்கள். அட்டனுக்கு ரயிலேறுவார்கள். பொழுது சாய அதே குடையோடு, அதே வரிசையில் திரும்பி வருவார்கள். ரோடு முழுக்க இலை கொட்டிக் கிடந்தது. எனக்கு மனசு பதைத்தது. தோட்டத்தில் ஓர் இலை தவறி விழுந்தாலும் கேட்க ஆள் உண்டு. இங்கே இவ்வளவு இலையையும் நிறுக்க யாருமே இல்லை!

முதலாளி கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கராஜ் எண்ணெயில் நான் ஒரு மாதிரித்தான் இருந்தேன்.

"தம்பி கலியாணம் முடிச்சீக்கியா?"

"முடிச்சிருக்கேங்க மொதலாளி."

"பொஞ்சாதி எங்க?"

"மஸ்கெலியாவுலங்க. வூடு கெடைச்சாத்தான் வருவேங்குறா."

அவர் துணியைக் கீழே வைத்தார். "அது ஏலாதே தம்பி. நான் குடும்பத்துக்குத்தான் ஊடு குடுக்கிற. தனி ஆளுக்கு குடுத்தா அக்கம்பக்கம் ஏசும். பொஞ்சாதிய கூட்டிட்டு வாங்க, ஊட்டத் தாரன்."

"அவ வூட்டைக் கொண்டு வா, நான் வாரேங்குறா. நீங்க அவளைக் கொண்டு வா, வூட்டைத் தாரேங்குறீங்க. நான் ரெண்டையும் எங்க வச்சு முடிச்சுப் போடுறதுங்க மொதலாளி?"

வாயை அட்டனில் வைத்துவிட்டு வரச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் முதலாளி சிரித்துவிட்டார். மாதம் முடியும் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் மனைவி வராவிட்டால் சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி, முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் போட்டார்.

ஓடிப்போய் முதலில் தாழ்ப்பாளைத்தான் பார்த்தேன். இருந்தது! உள்பக்கத்தில், என் பெருவிரல் மொத்தத்தில், இரும்பில். போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். கராஜிலிருந்து கிறீஸ் கொண்டுவந்து தடவினேன். மஸ்கெலியாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். மாமனாரிடமிருந்து பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், தாழ்ப்பாளைப் பார்ப்பாள், பிடித்தால் இருப்பாள், பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் என் வேலையை ஒழுங்காகச் செய்யப் போய்த்தான் கெட்டது.

வீடு கிடைத்த மறுநாள் விடியும் முன்னே எழுந்தேன். தப்புச் சத்தம் இல்லாமலே விழித்துக்கொண்டதில் எனக்கே பெருமை. முகம் கழுவி, சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, நேராக முதலாளி கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் அவர் குடியிருந்தார். வாசலில் காலைச் சேர்த்து, கையைக் கட்டி நின்றேன். வீடு கொடுத்தவர் அவர். என்ன வேலை கொடுப்பார் என்று தெரியவில்லை. ரயிலுக்கு முன்னால் முடிகிற வேலையாக இருந்தால் நல்லது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

சுபஹு தொழுதுவிட்டு வந்த முதலாளி இருட்டில் என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"ஆரது? நீங்களா? என்தேன் தம்பி, ஊடு ஒழுவுதா?"

"இல்லீங்க மொதலாளி."

"பொறகு?"

"வந்துட்டேங்க."

அதற்கு மேல் என்ன சொல்ல? பெரட்டுக்கு வந்தவன், 'பெரட்டுக்கு வந்திருக்கிறேன்' என்று சொல்வது வழக்கம் இல்லை. அவர் தாடியைத் தடவினார். நான் தரையைப் பார்த்தேன். மரியாதைக்கார மனிதர். வந்தவனைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. "சரி, வந்ததுக்கு அந்தப் பலகையக் கழட்டி வைங்க" என்றார்.

அந்தக் காலத்துக் கடைகளுக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, வரிசை மாறாமல் சுவரில் சாய்த்து வைக்கவேண்டும். வைத்தேன். 'சரி, இதுதான் நமக்குப் பிரித்துக் கொடுத்த வேலை' என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். நான்காவது தடவை முதலாளி வாயைத் திறக்கும் முன்னே பலகை சுவரில் இருந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணியும் ஒரு துண்டு வெல்லமும் தந்தார். 'எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை!' என்று அவர் நினைத்துக்கொண்டார். 'எவ்வளவு இலேசான வேலை!' என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு ரயிலுக்குப் போவேன். கந்தோர்க்காரர்கள் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். எண்ணெய் ஒட்டிவிடுமாம். கொட்டகலைக்கு அப்பால் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து புகை அடைக்கும். வெளியே வரும்போது எல்லாரும் கொஞ்சம் என் நிறத்துக்கு வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பேன்.

எனக்கு எதிர்வீட்டில் தபால் கந்தோர்க் கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குடையை மடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் ஒருநாள் ரயிலில் குனிந்து கேட்டார்.

"என்ன தம்பி, விடியக்காலமை முதலாளியின்ரை கடையிலை என்ன செய்யிறீர்?"

"பலகை எடுத்து வைக்கிறேங்க ஐயா."

"சம்பளம் தாறாரோ?"

"சம்பளமா? வூடு குடுத்திருக்காருல்லங்க. அதுக்குத்தான்."

"வாடகை குடுக்கிறீர்தானே?"

"ஆமாங்க, அது வேற. ஒங்களுக்கு என்ன வேலைங்க குடுத்திருக்காரு?"

கிளாக்கர் முகம் வெளுத்தது. உண்மையில் நான் நட்பாகத்தான் கேட்டேன். படித்தவர் ஆயிற்றே, பலகை தூக்கச் சொல்லமாட்டார்கள், கணக்கு எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் எழுந்து மற்றவர்களிடம் போனார். குடைகள் எல்லாம் ஒன்றுகூடின. என்னைப் பார்த்தன. ஒன்றோடொன்று குசுகுசுத்தன.

சனிக்கிழமை சாயந்திரம் குடைகள் அத்தனையும் புடவைக்கடைக்குப் போயிருக்கின்றன. கிளாக்கர் முன்னால் நின்று, "நாங்கள் அரசாங்க உத்தியோகத்தர். உம்மடை கடைப் பலகை தூக்கமாட்டம். இப்பவே சொல்லிப்போட்டன்" என்றாராம். முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதற்குள் கடைக்குள் நின்ற சனம் எல்லாம் கேட்டுவிட்டது. இருட்டும் முன்னே ஊருக்கே தெரிந்துவிட்டது, புடவைக்கடை முதலாளி ஏழை ஒருவனிடம் வாடகையும் வாங்கி வேலையும் வாங்குகிறார் என்று. எனக்கு மட்டும் தெரியாது. நான் அப்போது வீட்டுக்குள், தாழ்ப்பாளுக்கு இரண்டாவது தடவையாகக் கிறீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முன்னால் மாமனாரின் சிவப்புத் தலைப்பாகை, பின்னால் என் மனைவி, அவள் கையில் தகரப் பெட்டி. பெட்டியைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் பெட்டியை உள்ளே கொண்டுவரவில்லை. வாசல்படியிலேயே வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் கதவிடம் போனாள். தாழ்ப்பாளைத் தொட்டாள். தள்ளினாள். இழுத்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, கை எல்லாம் பிசுபிசுங்குது?"

"கிறீஸ் புள்ள. ஒனக்காகத் தடவினேன்."

"புருசன்மாரு பூ வாங்கியாருவாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் தாழ்ப்பாளைத் துடைத்தாள். துடைத்தவள் அடுப்படியைப் பார்க்க உள்ளே போனாள். பிடித்துவிட்டது! பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். குனிந்த இடத்தில் இரண்டு செருப்புத் தெரிந்தது. நிமிர்ந்தேன். முதலாளி.

"சாவியத் தாங்க தம்பி."

"ஏங்க மொதலாளி? நேத்துகூடப் பலகையெல்லாம் சரியாத்தானே எடுத்து வச்சேன்?"

"அதான் வெசயம்! ஒங்கள ஆரு ஒவ்வொரு நாளும் வந்து பலகை எடுக்கச் சென்ன? ஊரெல்லாம் கதைக்கிது, நான் வாடகையும் எடுத்து வேலையும் வாங்குறன்டு. பள்ளிவாசல்ல என்ட மொகத்த ஒருத்தனும் பாக்கிறானில்ல. இவ்வளவு காலம் கட்டிக் காத்த பேர, மவன், நீங்க ஒரு கெழமையில முடிச்சுட்டீங்க. எனக்கு வாடகையும் வாணாம், ஒண்டும் வாணாம். சாவியத் தாங்க."

வாசல்படியில் பெட்டி, உள்ளே மனைவி, நீட்டிய கையோடு முதலாளி. சாவியைக் கொடுத்தால் பெட்டி மஸ்கெலியாவுக்குப் போய்விடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற என் மாமனார் மெதுவாகப் படியிறங்கினார். சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். காலைச் சேர்த்தார், கையைக் கட்டினார், தலையைக் கொஞ்சம் சாய்த்தார். ஐம்பது ஆட்களை அதட்டி மேய்க்கும் மனிதர்.

"மொதலாளி மன்னிக்கணும். மாப்பிள கொஞ்சம் வெளையாட்டுப் புள்ள. வேலையில கொறை இருக்கத்தான் செய்யும். அதுக்காவப் பேர வெட்டிறாதீங்க. வூட்டைப் புடுங்கிறாதீங்க. ஞாயித்துக்கெழமன்னா நானே வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறேன். பலகை மட்டுந்தானுங்களா, வேற வேலையும் இருக்குங்களா?"

முதலாளியின் நீட்டிய கை அப்படியே நின்றது. மாமனாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும், எனக்கே தெரியாமல், காலைச் சேர்த்துக் கையைக் கட்டித்தான் நின்றிருந்தேன். மாமனும் மருமகனும் ஒரே அச்சு. முதலாளி என் மனைவியின் பெட்டிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நீங்க ஏன் ஒவ்வொரு நாளும் காலத்தால வந்தீங்க?"

"வூடு குடுத்தீங்கல்ல."

"அதுக்கு வாடகை தந்தீங்கதானே?"

"தந்தேங்க."

"பொறகு?"

"பொறகு என்னங்க மொதலாளி, பெரட்டுக்கு வரணும்ல?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இங்க பாருங்க. ரெண்டு பேரும்தான். மொதல்ல கைய எறக்குங்க."

இறக்கினோம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் பைக்குள் விட்டேன். மாமனார் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"வாடகை தந்தா இது ஒங்கட ஊடு. நீங்க எனக்கு ஒரு வேலையும் செய்யத் தேவல்ல. நான் வந்தாலும் கதவத் தட்டிட்டுத்தான் உள்ளுக்கு வரணும். நீங்க தொறக்காட்டி, நான் திரும்பிப் போற."

மாமனார் நம்பவில்லை. "கட்டின மொதலாளியே தட்டணுங்களா?"

"ஓ."

"தோட்டத்துத் தொரை மாதிரி நெனைச்ச நேரம் உள்ள வந்து சட்டிய எட்டிப் பாக்க மாட்டீங்களா?"

"ஏலாது."

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. 'டொக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது. கிறீஸ் போட்டதால் என்ன சுகமாக விழுந்தது! மூன்று ஆம்பிளைகளும் வாசலில் மாட்டிக்கொண்டோம்.

உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "மொதலாளி சொன்னது மெய்தானான்னு ஒருக்காத் தட்டச் சொல்லுங்க."

"ஏ புள்ள!" என்று பதறினேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி எழுந்தார். தொண்டையைச் செருமினார். தான் காசு கொடுத்துச் செய்வித்த கதவை, விரல் கணுவால் மரியாதையாகத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான், மகள், புடவைக்கட மொதலாளி."

"என்ன வெசயமுங்க?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்த வெசயம் தம்பி?"

"சாவி கேட்டு வந்தீங்க" என்று மெல்லச் சொன்னேன்.

"அத உட்டுட்டன்டு செல்லுங்க."

"சாவிய உட்டுட்டாராம் புள்ள!"

உள்ளே சட்டிச் சத்தம் கேட்டது. "அப்ப சரி. தேத்தண்ணி வைக்கிறேன். மூணு பேரும் அந்த மரத்தடியில குந்துங்க. தண்ணி கொதிச்சாத்தான் தெறப்பேன்."

குந்தினோம். டர்பன்டைன் இலை ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. பிறகு கிளாக்கரே வேலிக்கு வந்துவிட்டார்.

"என்ன முதலாளி, உம்மடை வீட்டு வாசலிலை நீரே குந்திக்கொண்டிருக்கிறீர்?"

"உள்ளுக்குப் போக உத்தரவு இல்ல" என்றார் முதலாளி. அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினார். தாடி, தொப்பி, தோள் எல்லாம் சிரித்தது. கிளாக்கர் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் ஊரில் புதுக்கதை பரவிவிட்டது. புடவைக்கடை முதலாளியைக் குடியிருக்கிறவள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாளாம். பழைய கதையை எல்லாரும் மறந்துபோனார்கள்.

தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் எடுக்காது. அவள் வேண்டுமென்றேதான் எடுத்தாள். கதவு திறந்தபோது, வாசலில் இருந்த பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணியை நீட்டினாள்.

மாமனாரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவர் தலைப்பாகை இன்னும் கக்கத்திலேயே இருந்தது. பஸ்ஸில் காலை வைக்கப் போனவர், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "மாப்பிள, அந்த ரோட்டுல இன்னொரு வூடு கெடைக்குமான்னு கேட்டு வைங்க" என்றார். பிறகு தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கண்டக்டரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு ஏறினார்.

மறுநாள் விடியும் முன்னே என் கால் தானாக எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. பின்னாலேயே குரல் வந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"காலு பழகிப்போச்சு புள்ள."

"காலை எடுத்துக்கிட்டு வந்து குந்துங்க."

குந்தினேன். விடிந்தது. ரயில் நேரம் வந்தது. கதவிடம் போனேன். அவள் தாழ்ப்பாளில் கைவைத்து நின்றாள்.

"தெறக்கணும்னா தட்டுங்க."

"உள்ள இருந்தா?"

"எங்க இருந்தா என்ன? தட்டுங்க."

உள்ளேயிருந்தே தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"என்ன வெசயம்?"

"வேலைக்குப் போகணும்மா."

தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டாள். வெளியே குடையோடு நின்ற கிளாக்கர் இதையெல்லாம் கேட்டிருக்கிறார். ரயிலில் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்ணெயையும் பார்க்கவில்லை.

"தம்பி, உள்ளுக்கிருந்து கதவைத் தட்டினது ஆர்?"

"நான்தாங்க. வாடகைக்கு இருக்கறவங்க தட்டிட்டுத்தானே வெளிய போகணும்? மொதலாளி ஒங்ககிட்டச் சொல்லலையா?"

சுருக்கமே இல்லாத குடையை அவர் பிரித்து மறுபடியும் மடித்தார். மறுநாள் காலையில் நான் வேலியைத் தாண்டும்போது, எதிர்வீட்டுக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்று, மெதுவாக ஒரு தட்டல் கேட்டது.